எங்களோடு உட்கார்ந்து வாசியுங்கள்: போதகர்களுக்கும் குருக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களுக்கும் குருக்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

நாங்கள் சில நண்பர்கள். எல்லோரும் கிறிஸ்தவர்கள், எல்லோரும் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள். யாராவது ஒருவர் வீட்டில் கூடி வேதம் வாசிக்கிறோம். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, காணிக்கைப் பையும் கிடையாது. ஒருவர் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார், பெந்தெகொஸ்தே என்று கலந்துதான் இருக்கிறோம். அதனால் ஒருவர் "கர்த்தர்" என்று வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் புத்தகத்தில் "ஆண்டவர்" என்று இருக்கும். கடைசியில் ஜெபம் செய்வோம். அன்றைக்கு ஜெபிக்க மனம் வராதவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

இது உங்களில் சிலர் காதுக்கு எட்டியிருக்கிறது. "தங்கள் இச்சைக்கு ஏற்றபடி வேதத்தை வளைக்கிறார்கள்" என்று பிரசங்கத்திலேயே சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். சொன்னவர் எங்களோடு ஒரு நாளும் வாசித்ததில்லை. எங்களைப் பற்றி வேதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் முதலில் எங்களோடு உட்கார்ந்து அதை வாசிக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

எங்களிடம் பேசும்போது நீங்கள் திறக்கிற பக்கங்கள் எங்களுக்கு மனப்பாடம். ஆதியாகமம் 19, லேவியராகமம் 18, 20, ரோமர் 1, 1 கொரிந்தியர் 6, 1 தீமோத்தேயு 1. வேதத்தில் 31,000-க்கும் மேற்பட்ட வசனங்கள் இருக்கின்றன. எங்களுக்கு மட்டும் இந்தக் கொஞ்சத்தைத்தான் திரும்பத் திரும்பப் பரிமாறுகிறீர்கள். எங்களில் ஒருவருடைய வேதாகமத்தில் ரோமர் 1:26, 27-க்குக் கீழே சிவப்புப் பேனாவில் கோடு போட்டிருக்கும். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்து மறுபக்கம் தெரியும். கோடு போட்டது அவருடைய அப்பா. போட்டு, மகனின் தலையணைமேல் விரித்து வைத்துவிட்டுப் போனாராம். மகன் இன்றும் அதே புத்தகத்தைத்தான் எடுத்து வருகிறார். அதே புத்தகத்தில் 139-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் அவர் கையால் பென்சிலில் எழுதிய சின்னச் சின்னக் குறிப்புகள் நிறைய.

அந்தப் பக்கங்களை நாங்கள் தாண்டிப் போவதில்லை. ஆதியாகமம் 19-இல் வரும் சோதோம் ஊரின் கதையை வாசித்தோம். விருந்தாளிகளாக வந்தவர்களை ஊரே திரண்டு வந்து பலாத்காரம் செய்யக் கேட்கிற கதை அது. நியாயாதிபதிகள் 19-லும் ஏறக்குறைய இதே சம்பவம் கிபியாவில் நடக்கிறது. அங்கே கும்பலின் கையில் சிக்கி இரவெல்லாம் சீரழிந்து செத்துப்போனது ஒரு பெண். அதை வைத்து ஆண் பெண் உறவே அருவருப்பு என்று யாரும் பிரசங்கம் செய்ததில்லையே. அப்புறம் எசேக்கியேல் 16:49-ஐப் பாருங்கள். சோதோமின் அக்கிரமம் இன்னதென்று அவர் பட்டியலே போடுகிறார்: கெர்வம், ஆகாரத்திரட்சி, "சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை." அடுத்த வசனத்தில் அருவருப்பு என்ற சொல்லும் வருகிறது, அதை மறைக்க மாட்டோம். ஆனால் முதலில் வருவது எது என்று நீங்களும் பார்க்கலாம்.

லேவியராகமத்தைப் பற்றி, இரண்டு வகை நூல் கலந்த துணியும் அங்கே தடைதானே என்கிற பதிலை எங்களில் சிலர் விரும்புவார்கள். எனக்கு அது பிடிக்காது. சாமர்த்தியமான பதில், ஆனால் யாரையும் ஒரு அங்குலம்கூட நகர்த்தாது.

ரோமர் 1 கஷ்டமானதுதான். விக்கிரகத்தை வணங்கி, இச்சையில் கொழுந்துவிட்டு எரிந்தவர்களைப் பற்றிப் பவுல் பேசுகிறார். ஒருவருக்கு ஒருவர் உண்மையாக வாழும் இரண்டு பேர் அவர் கண்முன் இல்லை என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அந்த விளக்கம் போதாது என்பவரும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார். ஆனால் அந்த அதிகாரம் அந்த வசனத்தோடு முடியவில்லை. பொறாமை, புறங்கூறுதல், பெற்றாருக்குக் கீழ்ப்படியாமை என்று பட்டியல் நீள்கிறது. கேட்கிற எல்லோரும் தலையாட்டி முடித்த பிறகு, அடுத்த அதிகாரத்தின் முதல் வரியில் பவுல் அவர்கள் பக்கமே திரும்புகிறார்: "ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." அதிகாரம் பிரித்தது பிற்காலத்தில் வந்த ஏற்பாடு. பவுல் மூச்சுவிடாமல் எழுதிய இடத்தில் உங்கள் பிரசங்கம் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது?

நாங்கள் எல்லோரும் ஒரே கருத்துக்காரர்கள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. திருமணம் இல்லாமல், துணை இல்லாமல் வாழ்வதே தனக்கு வந்த அழைப்பு என்று நம்புகிறவர் ஒருவர் இருக்கிறார். பக்கத்திலேயே பல வருடமாகத் துணையோடு வாழ்கிற இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்ற வசனம் வந்த அன்று இவர்களுக்குள் நடந்த வாக்குவாதம் எளிதாக ஓயவில்லை. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு எழுந்து போனவர் இல்லை. எத்தனை சபைகளில் இது முடிகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. சரி, அதை விடுங்கள்.

வேதத்தை எங்கள் சௌகரியத்துக்கு வளைக்கிறோம் என்பதற்கு இன்னொரு பதிலும் உண்டு. தாவீதும் யோனத்தானும் வந்தபோது, "ஸ்திரீகளின் சிநேகத்தைப்பார்க்கிலும் அதிகமாயிருந்தது" என்று, யோனத்தான் இறந்தபின் தாவீது பாடிய புலம்பலை வாசித்த தம்பிக்குக் குரல் கம்மிவிட்டது. அவன் சொன்னான், "இவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான் அண்ணா." எங்களில் மூத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. "உடன்படிக்கை செய்தார்கள், நேசித்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதாததை நாம் எழுத வேண்டாம். ஆனால் உனக்கு அழுகை வந்தது பொய்யில்லை" என்றார். அங்கேயே நிறுத்திக்கொண்டோம். இன்னொன்று, "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்" என்ற ரூத்தின் வார்த்தையைத் திருமண ஆராதனைகளில் நீங்களே பிரசங்கிக்கிறீர்கள். அது மருமகள் மாமியாரிடம் சொன்னது. அதை எடுத்து மணமக்களுக்குக் கொடுப்பதை வளைப்பது என்று யாரும் சொல்வதில்லை.

நாங்கள் அதிக நேரம் தங்கிய இடம் அப்போஸ்தலர் 8. எத்தியோப்பிய அண்ணகன், அதாவது விதையடிக்கப்பட்ட ஆண், எருசலேமுக்குப் போய்த் தொழுதுவிட்டுத் திரும்புகிறான். உபாகமம் 23:1 சொல்கிறபடி அவனுக்குச் சபையில் இடமில்லை. அவ்வளவு தூரம் வந்தவன் எங்கே வரை அனுமதிக்கப்பட்டான், வாசலிலா, வெளிமுற்றத்திலா? லூக்கா சொல்லவில்லை. ஆனால் திரும்பும் வழியிலும் அவன் கையில் ஏசாயா இருக்கிறது. வாசித்துக்கொண்டிருப்பது 53-ஆம் அதிகாரப் பகுதி. அதே சுருளில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் 56 வந்துவிடும். அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்ல வேண்டாம், என் ஆலயத்தில் குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரிய கீர்த்தியைவிட மேலான நாமத்தை அவனுக்குத் தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுக்கிற இடம் அது. அண்ணகனும் நாங்களும் ஒன்றல்ல, தெரியும். வாசலில் நிறுத்தப்பட்டவனின் கையிலும் அதே வேதம் இருந்தது என்பதுதான் எங்களைப் பிடித்துக்கொண்டது.

வழியில் அவனைச் சந்தித்த சீடர் பிலிப்பு என்ன செய்தார் என்று பாருங்கள். ஓடிப்போய் ரதத்தில் ஏறி அவனோடு உட்கார்ந்தார். அவன் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று அவன் கேட்டபோது பிலிப்புக்கு உபாகமம் தெரியாமல் இருந்திருக்காது. இருவருமே தண்ணீரில் இறங்கினார்கள்.

உங்களில் பலர் எங்களைக் குணப்படுத்த முடியும் என்று உண்மையாகவே நம்புகிறீர்கள். உபவாச ஜெபம், விடுதலை ஜெபம், தலையில் எண்ணெய், "ஆவி" துரத்தல் எல்லாம் எங்களில் சிலர் பார்த்தாயிற்று. இதையே ஊழியமாகச் செய்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1976-இல் தொடங்கியது. 2013-இல் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், அங்கே காயப்பட்டவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அமைப்பும் மூடப்பட்டது. தான் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நாட்டம் மாறவில்லை என்று அதற்கு முன்பே அவர் சொல்லியிருந்தார். இத்தனை வருடம் அதை நடத்திப் பார்த்தவர்களே கைவிட்டதை இன்னும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் பரிசோதிப்பது ஏன்?

சபைகள் அசையாமல் இருக்கின்றன என்றும் சொல்ல முடியாது. 1968-இல் தன்பாலீர்ப்புள்ள போதகர் டிராய் பெரி லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தன் வீட்டில் 12 பேரோடு நடத்திய ஆராதனை பிறகு பல நாடுகளில் ஒரு சபைக் கூட்டமைப்பாக வளர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபை திருமணத்தைப் பற்றிய போதனையை மாற்றாமலே, 2023 டிசம்பரில் ஒரே பால் இணையர் ஆசி கேட்டு வந்தால் குருக்கள் எளிய முறையில் ஆசி வழங்கலாம் என்றது. அதன் மறைக்கல்வியும் எங்களை மரியாதையோடும் பரிவோடும் நடத்தச் சொல்கிறது. இதையெல்லாம் காட்டி இன்றே உங்கள் சபைச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் செய்ய மாட்டீர்கள்.

கேட்பது இவ்வளவே. ஒரு பிள்ளை உங்களிடம் வந்து தன்னைப் பற்றிச் சொன்னால், அவன் அனுமதி இல்லாமல் பெற்றோருக்குத் தொலைபேசி போடாதீர்கள். அவனைப் பாடகர் குழுவிலிருந்தோ ஞாயிறு பள்ளியிலிருந்தோ உடனே எடுத்துவிடாதீர்கள். எங்களில் ஒருவர் அப்படி எடுக்கப்பட்டபோது காரணம்கூடச் சொல்லப்படவில்லை, அடுத்த ஞாயிறு அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றார். பேய் என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், மேடையிலிருந்து அல்ல.

அப்புறம், ஒரு தடவை எங்களோடு வாசிக்க வாருங்கள். பிரசங்கம் தயார்செய்து கொண்டுவர வேண்டாம், புத்தகம் மட்டும் போதும். அடுத்து அப்போஸ்தலர் 10 எடுக்கிறோம். எங்களோடு முரண்படலாம், நாங்களும் முரண்படுவோம். வாசிக்கும் முறை உங்களுக்கு வரும்போது உங்களையும் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்போம்; அதற்கு மட்டும் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சேர்ந்து வேதம் வாசிக்கும் நண்பர்கள் சார்பில்,
அவர்களில் ஒருவன்