ஒன்பதாவது சாதகம்

ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் 'மணமகன் தேவை' பக்கத்தை ஒன்றரை வருடமாகப் பேனையும் கையுமாக வாசித்து வருகிறேன்.

மொறட்டுவையில் கணினி படிக்கிற மகன் சித்திரை லீவுக்கு வந்தபோது, அக்காவுக்கு மாப்பிள்ளை தேட ஒரு அல்கோரிதம் இருக்கிறது என்றான். வரப்போகிற சம்பந்தங்களில் முதல் 37 வீதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டுமாம். பிறகு, அதுவரை வந்த எல்லாரையும் விடத் திறமான முதல் ஆளுக்கு ஓம் சொல்ல வேண்டுமாம். வானியலாளர் கெப்ளர் முதல் மனைவி இறந்த பிறகு 11 பெண்களை விசாரித்து, 1613இல் ஐந்தாவது பெண்ணை மணந்தார். 11க்கு இந்தக் கணக்கும் 4 பேரை விடத்தான் சொல்கிறது. (கணக்கே 20ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது, கெப்ளருக்குத் தெரியாது.) நான் மயங்கிவிட்டேன்.

14 சாதகம் தேறும் என்றார் தரகர். முதல் 5ஐ விடுவதென்று முடிவெடுத்தேன். மூன்றாவதாக வந்தது ஒரு சாவகச்சேரிப் பையன். பத்துக்கு எட்டுப் பொருத்தம், சீதனப் பேச்சே இல்லை. மனைவி தேத்தண்ணி கொடுக்கும்போதே மனதுக்குள் முடித்துவிட்டாள். "கணக்குப்படி இன்னும் இரண்டு பார்க்க வேண்டும்" என்றேன். ஆவணியில் அவருக்கு வேறிடத்தில் கலியாணம்.

பிறகு வந்தவர் எவரும் அவருக்குக் கிட்டவும் இல்லை. போனில் மகனைப் பேசினேன். இந்த முறை மிகச் சிறந்தவரைப் பிடித்துத் தருவதே ஏறக்குறைய நூற்றுக்கு 37 தடவைதானாம். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! இன்னொன்று, அந்தக் கணக்குக்குத் தரத்தில் முதலாவது ஆள்தான் ஆள். தரத்தில் இரண்டாவது ஆளும் கடைசி ஆளும் ஒன்று. எந்தத் தகப்பன் அப்படிப் பார்ப்பான்?

1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹேர்பேட் சைமன் சொன்னது வேறு. எல்லாவற்றையும் அலசிப் பார்க்க மனிதருக்கு நேரமும் போதாது, மூளையும் போதாது. இவ்வளவு இருந்தால் சரி என்று ஓர் அளவு வைத்து, அதைத் தொடுகிற முதலாவதை எடுத்துக்கொள்கிறோம் என்றார். என் அம்மா சின்னக்கடையில் மீன் வாங்கியதும் அப்படித்தான். செவுள் சிவப்பு, கண் தெளிவு. அதோடு விலை பேசிவிடுவார். சந்தை முழுக்கச் சுற்றியதில்லை.

சரி என்று மகளையே கேட்டேன். (கேட்க இவ்வளவு காலம் எடுத்தது என் பிழை.) வேலையை விடச் சொல்லக் கூடாது, குடி கூடாது, சீதனம் கேட்கக் கூடாது என்றாள். ஒன்பதாவது சாதகம் கோப்பாயிலிருந்து வந்தது. மூன்றும் சரி, பொருத்தம் ஆறுதான். "சாவகச்சேரிக்காரர் அளவுக்கு இல்லையே" என்றான் மகன். "எனக்குப் போதும்" என்றாள் அக்கா.

ஆகவே அடுத்த இரண்டு ஞாயிறும் வரவேண்டிய என் விளம்பரத்தை நிறுத்திவிடவும். கட்டிய காசைத் திருப்பித் தர வேண்டாம். மகனுக்கு அடுத்த வருடம் படிப்பு முடிகிறது. 'மணமகள் தேவை'க்குக் கழித்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கொக்குவில்.