தள்ளிவைத்ததற்கும் ரத்து செய்ததற்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புஸ்ஸிகேட் டால்ஸ் என்ற அமெரிக்கப் பாப் பாடகிகள் குழுவின் மறுஇணைவுச் சுற்றுப்பயணம் நின்றுபோனது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொரோனா வந்தது, கச்சேரி போனது என்ற அளவில் கட்டுரையாளர் விஷயத்தை முடித்துவிட்டார். அது பாதிதான் சரி. மேடை, ஒலி, சரக்கு வேலைகளில் புழங்குகிறவர்களுக்கு மீதிப் பாதியும் தெரியும் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு திருத்தம். 2010-இல் கலைந்த குழு 2019 நவம்பர் கடைசியில் பிரிட்டனின் எக்ஸ் ஃபேக்டர் என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் மறுபடி மேடையேறியபோது இருந்தவர்கள் ஐந்து பேர்: நிக்கோல் ஷெர்சிங்கர், ஆஷ்லி ராபர்ட்ஸ், கிம்பர்லி வையட், ஜெசிகா சுட்டா, கார்மிட் பசார். கட்டுரை சொல்வதுபோல ஆறு பேர் அல்ல. பழைய உறுப்பினரான மெலடி தார்ன்டன் சேரவில்லை. (நம்மவர்கள் பலருக்கு இந்தக் குழு தெரியவந்ததே 2009-இல், ஏ. ஆர். ரஹ்மானின் 'ஜெய் ஹோ' பாட்டின் ஆங்கில வடிவத்தால்தான்.) 2020 ஏப்ரலில் பிரிட்டன், அயர்லாந்து அரங்குகளில் தொடங்க வேண்டிய பயணம் முதலில் அக்டோபருக்குப் போனது. பிறகு 2021 மே, ஜூனுக்குப் போனது. 2022 ஜனவரியில் ரத்து.

தேதியை மாற்றுவது சுவரொட்டியில் எண்ணை மாற்றுவது மாதிரி வெளியே தெரிகிறது. உள்ளே நடப்பது வேறு. பெரிய அரங்குகளைப் பிடிப்பது முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் பிடிப்பதைப் போலத்தான். ஒரே நாளுக்கு ஒருவர் 'முதல் ஹோல்டு', இன்னொருவர் 'இரண்டாம் ஹோல்டு' என்று பென்சிலில் வரிசையாகப் பெயர் போட்டு வைத்திருப்பார்கள். இரண்டாமவர் முன்பணத்தோடு வந்து 'சேலஞ்ச்' செய்தால், முதலாமவர் ஓரிரு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் விட்டுக்கொடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் நின்றுபோன அத்தனை பயணங்களும் ஒரே வாரத்தில் அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தைக் கேட்டு நின்றன. வெள்ளி, சனி முதலில் போயின. ஷெஃபீல்டு, நாட்டிங்ஹாம் மாதிரி ஊர்களில் அதே அரங்கில் ஐஸ் ஹாக்கி அணியும் ஆடுகிறது. செப்டம்பர் தொடங்கி வசந்தம் வரை அவர்கள் நாட்களைத் தொட முடியாது. மிஞ்சியது இங்கொரு செவ்வாய், அங்கொரு ஞாயிறு. அதைக் கோத்தால் ஊர் வரிசை கலைகிறது, லாரி குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது. ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் வண்டி ஓட்ட அனுமதி (வாரத்தில் இருமுறை பத்து), நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். இரவு பதினொன்றுக்கு முடிந்த மேடையைப் பிரித்து ஏற்றினால் வண்டி கிளம்பவே இரண்டு, மூன்று ஆகிவிடும். மறுநாள் காலை எட்டு மணிக்கு அடுத்த ஊரில் விளக்கையும் ஸ்பீக்கரையும் தூக்கிக் கட்டும் மோட்டார்களைக் கூரைக்கு ஏற்ற வேண்டும் என்றால், தூரம் கூடும்போது ஒன்று இரட்டை ஓட்டுநர், இல்லையென்றால் இடையில் கச்சேரி இல்லாத ஒரு வெறும் நாள். இரண்டும் செலவு.

இந்தப் பயணத்துக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. 2020 ஏப்ரலில் வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்தில் கப்பலேறி அயர்லாந்தின் டப்ளின் போய்த் திரும்ப சுங்கக் காகிதம் எதுவும் வேண்டாம். பிரெக்ஸிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதற்கு, பழைய விதிகளே தொடர்ந்த இடைக்காலம் அந்த டிசம்பர் 31 வரை ஓடியது. அக்டோபரிலும் அப்படியே. 2021-க்குத் தள்ளியதும் கதை மாறியது. இப்போது ஏ.டி.ஏ. கார்னெட் என்ற தற்காலிகச் சுங்கப் பத்திரம் வேண்டும்: ஸ்பீக்கர், கேபிள் பெட்டி, டிரம் என்று ஒவ்வொன்றுக்கும் எடை, மதிப்பு, தொடர் எண் எழுதிய பட்டியல். போகும்போதும் வரும்போதும் முத்திரை. ஒரு பொருள் அந்தப் பக்கமே தங்கிவிட்டால் அது இறக்குமதியாகக் கணக்காகி வரி வரும். பேட்டரி, டேப் மாதிரி தீர்ந்துபோகும் பொருளும் விற்பனைக்கான டி-சட்டையும் கார்னெட்டில் சேராது. அவற்றுக்குத் தனி அறிவிப்பு. சட்டையின் முதுகில் ஊர்ப் பெயரும் தேதியும் அச்சிடுவது இந்தத் தொழிலின் வழக்கம். இரண்டு முறை தேதி மாறினால் அந்தச் சட்டைகள் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒலிக்காரர்களின் தலைவலியைக் கட்டுரை தொடவே இல்லை. ஐந்து பேரும் ஆடிக்கொண்டே பாடுகிறவர்கள். ஆளுக்கு ஒரு வயர்லெஸ் மைக், அதற்கொரு மாற்று, காதுக்குள் கேட்கும் மானிட்டர். வாத்தியக்காரர்களையும் சேர்த்தால் அலைவரிசைகள் எளிதில் இருபது, முப்பதைத் தொடும். இவற்றை இஷ்டத்துக்கு அடுக்க முடியாது. 606, 607 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் 605-இலும் 608-இலும் வேண்டாத அலை முளைக்கும். அங்கே மூன்றாவது மைக் இருந்தால் கரகரப்பு, சில நேரம் பாட்டு நடுவில் அறுந்தே போகும். அதனால் ஊருக்கு ஊர் கணக்குப் போட்டு, உரிமம் வாங்கி, அட்டவணை தயாரிப்பார்கள். பிரிட்டனில் 694 முதல் 790 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைப் பட்டையின் பெரும்பகுதியை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2020 மே முதல் மேடை மைக்குகளிடமிருந்து எடுத்து மொபைல் சேவைக்கு ஒதுக்கிவிட்டது. ஏப்ரல் கச்சேரிக்குச் சரியாக இருந்திருக்கக்கூடிய ஒரு மைக் பெட்டி, அக்டோபர் கச்சேரிக்குச் சட்டவிரோதம். வேறு பட்டையில் ஓடும் பெட்டியை வாடகைக்கு எடுத்துக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

காப்பீட்டுக்கு வருவோம். நிகழ்ச்சி ரத்துக் காப்பீட்டில் தொற்றுநோய் தானாக அடங்குவதில்லை. கூடுதல் தொகை கட்டித் தனியாக வாங்க வேண்டும். விம்பிள்டன் டென்னிஸ் போட்டி 2020-இல் பெரும் தொகை பெற்றது அப்படி வாங்கி வைத்திருந்ததால்தான். நோய் பரவத் தொடங்கியதும் புதுப் பத்திரங்களிலிருந்து கோவிட்டை நிறுவனங்கள் நீக்கின. அதாவது, முதல் தேதிக்குக் காப்பீடு இருந்திருந்தாலும் தள்ளிவைத்த தேதிக்குக் கிடைக்காது. பிரிட்டன் அரசு 75 கோடி பவுண்டு மறுகாப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது 2021 ஆகஸ்டில். மே, ஜூன் தேதிகள் அதற்குள் போய்விட்டன. அந்தத் திட்டமும் அரசு ஆணையால் நிகழ்ச்சி நடத்தவே முடியாமல் போனால்தான் உதவும். இடைவெளி விட்டு உட்கார வைக்கச் சொன்னால் உதவாது. நுழைவுச்சீட்டெல்லாம் விற்ற அரங்கில் பாதிப் பேரை எப்படித் திருப்பி அனுப்புவது? ரத்துச் செய்தி வந்த வேளையில் அயர்லாந்தில் உள்ளரங்கக் கச்சேரிகள் இரவு எட்டு மணிக்கே முடிய வேண்டும், பாதிக் கூட்டம் அல்லது ஆயிரம் பேருக்கு மேல் கூடாது. ஸ்காட்லாந்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் 200 பேர்தான். சீட்டு விற்றதோ 2019 விலையில். லாரி, ஆள் கூலி எல்லாம் 2021-இன் பஞ்ச விலை. வேலையில்லாமல் வேறு தொழிலுக்குப் போன மேடைத் தொழிலாளர்கள் பலர் திரும்பவில்லை.

இவ்வளவும் இருந்தும் பலர் நடத்திக் காட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லிட்டில் மிக்ஸ் குழு 2021 வசந்தத்தில் வைத்திருந்த பயணத்தை ஓராண்டு தள்ளி 2022-இல் முடித்தது. நடுவில், 2020 டிசம்பரில், நால்வரில் ஒருவரான ஜெசி நெல்சன் விலகியும்கூட. அவர்கள் இடைவிடாமல் இயங்கிவந்த குழு. ஒப்பந்தமும் நிர்வாகமும் நின்ற இடத்தில் நின்றன. பிரிந்து சேர்ந்த குழு அப்படியல்ல. அங்கே பெயர் ஒருவரிடம், குரல் ஒருவரிடம், மற்றவர்கள் பங்கு வேறு. எல்லாமே ஒரு குறிப்பிட்ட பருவத்துக்காகப் பேசி முடித்த ஏற்பாடு. பருவம் தப்பினால் பேச்சு மறுபடி ஆரம்பமாகும்.

இந்தக் குழுவை உருவாக்கிய நடன அமைப்பாளர் ராபின் ஆன்டின், 2021-இல் ஷெர்சிங்கர் மேல் வழக்குத் தொடர்ந்தார். 49 சதவீதப் பங்குக்கு ஒப்புக்கொண்டவர் பிறகு 75 சதவீதமும் இறுதி முடிவெடுக்கும் உரிமையும் கேட்டார், தராவிட்டால் மேடையேற மாட்டேன் என்றார் என்பது குற்றச்சாட்டு. ஷெர்சிங்கர் தரப்பு இதைப் பொய் என்று மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ரத்து அறிவிப்பு இன்ஸ்டாகிராமில் ஷெர்சிங்கர் பெயரில் வந்தது. தங்களுக்கு முறைப்படி யாரும் சொல்லவில்லை என்று பசாரும் சுட்டாவும் உடனே எழுதினார்கள். ஐந்தில் இருவருக்கே செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது என்றால், கிருமியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியா? தள்ளிவைத்துக்கொண்டே இருக்கும்வரை முன்பணம் அடுத்த தேதிக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்; ரத்து என்று சொன்ன அன்றுதான் யார் யாருக்குத் திருப்பித் தருவது என்ற கேள்வி எழும். ஒரு பயணம் 'தள்ளிவைப்பு' நிலையிலேயே நெடுங்காலம் தொங்குவதற்கு இது ஒரு காரணம்.

சீட்டு வாங்கியவர்களுக்குக் கட்டுரை சொன்ன ஆலோசனையில் ஓட்டை இருக்கிறது. பணம் வராவிட்டால் வங்கியில் 'சார்ஜ்பேக்' (அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேளுங்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பொதுவாக அட்டை நிறுவனங்களின் விதி: நிகழ்ச்சி நடக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள், ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. 2019 டிசம்பரில் சீட்டு வாங்கியவருக்கு அந்த வழி 2021 ஜூன் வாக்கிலேயே அடைபட்டுவிட்டது. ரத்து வந்ததோ 2022-இல். பிரிட்டனில் கடன் அட்டையில் 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள சீட்டு வாங்கியவர்களுக்கு கடன் அட்டை நிறுவனத்திடமே பணம் கேட்க வழிசெய்யும், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு உண்டு. அந்த 100 ஒரு சீட்டின் விலை. நாலு சீட்டைக் கூட்டிய தொகை அல்ல. இடையில் முகவர் ஒருவர் வழியாக வாங்கியிருந்தால் அதிலும் இழுபறி வரும்.

ஆகவே பாதுகாப்பான வழி, ஒவ்வொரு தள்ளிவைப்பின்போதும் முகவர் அனுப்பும் மின்னஞ்சலை அன்றே திறந்து பார்ப்பதுதான். பணம் வேண்டுமா, புதுத் தேதி போதுமா என்று கேட்டுச் சில வாரக் கெடு கொடுப்பார்கள். பேசாமல் இருந்தால் புதுத் தேதிக்கு ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. சீட்டின் விலை திரும்பும். தபால் கட்டணமும் ஆர்டர் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. ஓட்டல், ரயில் செலவு நிச்சயம் திரும்பாது. பணம் எந்த அட்டையிலிருந்து போனதோ அதே அட்டைக்குத்தான் வரும். அட்டை காலாவதியாகிப் புது அட்டை வந்திருந்தால் வங்கி பெரும்பாலும் தானே கணக்கில் சேர்த்துவிடும். கணக்கையே மூடியிருந்தால், ரத்து அறிவிப்பு வருவதற்குக் காத்திராமல் முகவரிடம் எழுத்தில் சொல்லி வேறு கணக்கு எண் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மேடை ஒலித் துறை வாசகர் ஒருவர்,
லண்டன்