பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில் வபனாக்கி மக்களுக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. போர்த்தலைவர்கள், பிரெஞ்சுப் பாதிரியார்கள், ஆங்கிலேய ஆளுநர்கள் ஆகியோரின் பெயர்கள் அதில் இருந்தனவே தவிர, ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. போதாக்குறைக்கு அம்மக்கள் 'மறைந்துபோன இனம்' என்றும் குறிப்பிடப்பட்டிருந்தது. பள்ளியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவள் என்ற முறையில் இவ்விரண்டையும் மறுத்து எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

மிக்மாக், மாலிசீட், பாசமகுவாடி, பெனாப்ஸ்காட், அபெனாகி ஆகிய குடிகளின் கூட்டமைப்பே வபனாக்கி. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலும் கனடாவின் கிழக்குக் கடற்கரை மாகாணங்களிலும் கியூபெக்கிலும் அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். விடியல் நிலத்து மக்கள் என்பது அப்பெயரின் பொருள்.

1755 நவம்பர் 3 அன்று, அப்போது ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸின் துணை ஆளுநர் ஸ்பென்சர் பிப்ஸ் பெனாப்ஸ்காட் மக்களை வேட்டையாடச் சொல்லி ஒரு பிரகடனம் வெளியிட்டார். 12 வயதைக் கடந்த ஆணின் உச்சித்தோலுக்கு, அதாவது கொன்று முடியோடு உரித்தெடுத்த தலைத்தோலுக்கு, 40 பவுண்டு பரிசு. பெண்ணின் உச்சித்தோலுக்கும் 12 வயது நிரம்பாத சிறுவனின் உச்சித்தோலுக்கும் 20 பவுண்டு. பெண்ணை உயிரோடு பிடித்து பாஸ்டனுக்குக் கொண்டுவந்தால் 25 பவுண்டு. பெண்களும் பிள்ளைகளும் போரின் நடுவே அகப்பட்டு மாண்டார்கள் என்று எவரும் சமாதானம் சொல்ல முடியாதபடி, அவர்களுக்கெனத் தனி விலையே எழுதிவைத்த ஆவணம் அது. அதே காலத்தில் வாழ்ந்து 1816இல் மறைந்த மாலி ஆக்கெட் என்ற அபெனாகி மருத்துவச்சி, தன் மக்களின் நிலத்தில் குடியேறியவர்களின் வீடுகளுக்கே நடந்து சென்று மூலிகை வைத்தியம் பார்த்தார் என்பதையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

வேட்டைநிலங்கள் பறிபோன பின், குடும்பங்களின் அடுப்பு எரிந்ததில் கூடைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆஷ் மரக்கட்டையை அடித்து அடித்து அடுக்கடுக்காகப் பிரித்தெடுத்த நாரையும் கடலோரச் சதுப்பில் அறுத்த வாசனைப் புல்லையும் கொண்டு பெண்கள் பின்னிய கூடைகள், மேய்ன் கடற்கரையின் பார் ஹார்பர் போன்ற ஊர்களுக்குக் கோடையைக் கழிக்க வந்த செல்வந்தர்களிடம் விலைபோயின. அருங்காட்சியகத்தில் இக்கூடைகளைப் பார்ப்பவர்கள் அழகை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது என் வருத்தம்.

ஆயினும் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. பூர்வகுடிப் பெண் வெளியாரை மணந்தால் அவளும் அவள் பிள்ளைகளும் பூர்வகுடிகள் அல்லர் என்று கனடாவில் 1869இல் ஒரு சட்டம் வந்தது. பின்னர் அது 'இந்தியர் சட்டம்' என்பதற்குள் சேர்க்கப்பட்டது. (அச்சட்டம் 'இந்தியர்' என்பது பூர்வகுடிகளை, நம்மை அன்று.) ஆணுக்கோ இழப்பில்லை, அவன் மணந்த வெள்ளைக்காரப் பெண்கூடப் பூர்வகுடிகளின் அரசுப் பட்டியலில் சேர்க்கப்பட்டாள். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் டோபிக் என்ற ஊரைச் சேர்ந்த மாலிசீட் பெண் சாண்ட்ரா லவ்லேஸ், மணமுறிவுக்குப் பின் பிள்ளையோடு பிறந்த மண்ணுக்குத் திரும்பியபோது, பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அவருக்கு அங்கே வீடு மறுக்கப்பட்டது. உள்நாட்டு நீதிமன்றங்களில் வழியில்லை என்று தெரிந்திருந்த அவர், 1977இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் நேரடியாக முறையிட்டார். 1979 ஜூலையில் டோபிக் பெண்கள் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கியூபெக்கின் ஓகாவிலிருந்து தலைநகர் ஒட்டாவா வரை ஏறத்தாழ நூறு மைல் நடந்தார்கள். சொந்தப் பண்பாட்டைத் தம் மக்களோடு கூடி வாழும் உரிமையைக் கனடா சாண்ட்ராவுக்கு மறுத்துவிட்டது என்று 1981இல் ஐ.நா. குழு முடிவு கூறியது. 1985இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பிறகும் பேரப்பிள்ளைகள் விஷயத்தில் பாகுபாடு நீடித்ததால், 2017இல் மீண்டும் திருத்த வேண்டியிருந்தது. சாண்ட்ரா லவ்லேஸ் 2005இல் கனடா செனட் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பிள்ளைகளே தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். 2013 முதல் 2015 வரை இயங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பூர்வகுடிக் குழந்தைகள் அரசின் வளர்ப்பு இல்லங்களுக்குக் கொண்டுசெல்லப்படும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 5.1 மடங்கு அதிகம் என்று பதிவு செய்தது. சிறுவயதில் அவ்வாறு எடுத்துச் செல்லப்பட்டு வளர்ந்த பெண்களே அந்த ஆணையத்தின் முன் வந்து சாட்சியம் அளித்தார்கள்.

எனவே, 'மறைந்துபோன இனம்' என்ற சொற்களைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுமாறும், டோபிக் பெண்களின் நடைப்பயணத்தைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்றைத் தங்கள் இணைப்பில் இடம்பெறச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்