மஞ்சப்பையை நகைச்சுவையிடம் ஒப்படையுங்கள்

தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைக்கும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை நடப்பில் இருக்கிறது. 2021 டிசம்பர் 23 அன்று சென்னைக் கலைவாணர் அரங்கில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, பத்து ரூபாய் நாணயம் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் கோயம்பேடு சந்தைக்கு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் காய்கறிக் கடையில் ஐந்து நிமிடம் நின்றால், ‘அப்படியே ஒரு கவர் குடுங்க’ என்ற குரல் காதில் விழாமல் இருப்பதில்லை. தடையை நடைமுறைப்படுத்துவது பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. விளம்பர வாசகம் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில், இந்த இயக்கம் மக்களிடம் பேசும் தொனியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மஞ்சப்பையைக் கடைத்தெருவிலிருந்து விரட்டியதில் பிளாஸ்டிக்கின் மலிவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஏறத்தாழ அதே அளவு பங்கு கேலிக்கும் உண்டு. வேட்டியை மடித்துக் கட்டி, கக்கத்தில் மஞ்சப்பையை இடுக்கிக்கொண்டு எழும்பூரில் இறங்கித் திருதிருவென விழிப்பவரைக் காட்டினாலே திரையரங்கம் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சிரிப்பு மெல்ல வீட்டுக்குள் புகுந்தது. கல்லூரிக்குப் போகும் பிள்ளை, ‘அந்தப் பையை எடுத்துக்கிட்டு என் கூட வராதீங்க’ என்று அப்பாவிடம் சொன்னது. இப்படிக் கேலியால் கீழே விழுந்த ஒரு பொருளை, ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்ற பலகையால் தூக்கி நிறுத்தப் பார்க்கிறோம். அந்த வாசகத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதை நின்று படித்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. (பிளாஸ்டிக் ஒழிப்புக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்த ஓர் அலுவலக வாசலை மட்டும் நானே நின்று படித்திருக்கிறேன், அந்த பேனரே பி.வி.சி. பிளாஸ்டிக் என்பது கட்டியவர்களுக்கும் தெரிந்திருக்கும்.)

நீங்கள் இயக்கத்தைத் தொடங்கிய அரங்கத்தின் பெயருக்கு உரியவர் வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் மூடநம்பிக்கையைச் சாடும்போதும் எதிரே உட்கார்ந்திருப்பவரை முட்டாளாக்கவில்லை; தன்னையும் சேர்த்துச் சிரிக்க வைத்தார். சீர்திருத்தப் பேச்சுக்கு நம்மிடம் இப்படியொரு மரபு இருக்கும்போது, சுற்றுச்சூழல் என்றதும் மட்டும் எல்லாரும் ஏன் தலைமையாசிரியர் குரலில் பேசத் தொடங்குகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.

நகைச்சுவைக்கான சரக்கை வெளியே தேட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். அரைக் கிலோ ஆட்டுக்கறியைக் கறுப்புக் கவரில் போட்டு, முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் கறுப்பு. ஆனால் கையில் கறுப்புக் கவர் தொங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று தெருவில் உள்ள நாய்க்குக்கூடத் தெரியும். மருந்துக் கடையில் சானிட்டரி நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, அதையும் கறுப்புக் கவரில் போட்டுத் தரும்போது நடப்பதும் இதுவே: மறைக்கும் முயற்சியே அறிவிப்பாகிவிடுகிறது. இந்த இடத்தில் அரசு ஒரு பலகை வைக்கட்டும்: ‘கறுப்புக் கவரில் கொண்டுபோனால் கறி என்று தெரு சொல்லும், மஞ்சப்பையில் கொண்டுபோனால் கல்யாண வீட்டுத் தேங்காய் என்று நம்பும்.’ இதில் பூமி இல்லை, வருங்காலச் சந்ததி இல்லை, கடலாமையும் இல்லை. அக்கம்பக்கத்தாரின் கண் இருக்கிறது. நம் ஊரில் அதைவிட வலுவான கண்காணிப்பு அமைப்பு வேறு எது?

கல்யாணத் தாம்பூலப் பையிலேயே இன்னொரு விளம்பரம் தயாராக இருக்கிறது. மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் அச்சிட்ட அந்தப் பை பல வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஆணியில் இன்னும் தொங்குகிறது. வீட்டில் இருப்பதிலேயே பழைய தாம்பூலப் பையைக் கொண்டுவருபவருக்குப் பரிசு என்று மாவட்டந்தோறும் ஒரு போட்டி வையுங்கள். ‘இந்தத் தம்பதியின் மகள் கல்லூரிக்குப் போகிறாள், பை இன்னும் ரேஷன் கடைக்குத்தான் போகிறது’ என்று அதன் படத்தோடு போட்டால், அந்த ஊரே பார்க்கும்.

இதில் வேடிக்கைக்கு அப்பாலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் என்ற ஒரே அளவுகோலில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். கால்வாய் அடைப்பதும் மாட்டின் வயிற்றுக்குள் போவதும் அந்தக் கணக்கில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் துணிப்பையின் பக்கம் இன்னும் வலுவாகும். ஆயினும் எத்தனை புதுப் பைகள் வழங்கினோம் என்று எண்ணுவதைவிட, ஒரே பை எத்தனை முறை கடைக்குப் போனது என்று எண்ணுவதே சரி என்பதில் ஐயமில்லை. விழா மேடையில் ஆளுக்கொரு புதுப் பை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தக் கணக்குக்கு நேர் எதிரானது.

நகைச்சுவை காலை வாரிவிடுவதும் உண்டு. 2019-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஈஸ்ட் வெஸ்ட் மார்க்கெட் என்ற மளிகைக் கடை, பிளாஸ்டிக் பை கேட்பவர்களைக் கூச்சப்பட வைக்க, பைகளின்மேல் மரு நீக்கும் களிம்பு மொத்த வியாபாரம், வயது வந்தோருக்கான வீடியோ கடை என்றெல்லாம் கற்பனைக் கடைகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தந்தது. கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க மாட்டார்கள் என்பது கணக்கு. நடந்தது வேறு: வாடிக்கையாளர்கள் அந்தப் பைகளைச் சேகரிக்கக் காசு கொடுத்து வாங்கினார்கள். கடையின் பெயர் உலகமெங்கும் பரவியது உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் பையே விரும்பப்படும் பொருளாகிவிட்டது. விட்டுவிடச் சொல்லும் பொருளின்மேல் சிரிப்பை அச்சிடக் கூடாது, எடுத்துக்கொள்ளச் சொல்லும் பொருளின்மேல்தான் அச்சிட வேண்டும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் இதைச் சரியாகச் செய்தார்கள். நீரோட்டத்தாலும் சூரிய ஒளியாலும் இயங்கி, ஆற்றில் வரும் குப்பையை அள்ளும் எந்திரம் ஒன்றை 2014-இல் நிறுவி, அதற்கு இரண்டு உருட்டு விழிகளை ஒட்டி ‘மிஸ்டர் டிராஷ் வீல்’ என்று பெயரிட்டார்கள். அது சமூக வலைத்தளத்தில் தன் பெயரிலேயே பேசத் தொடங்கியதும் நகரமே அதன் ரசிகராயிற்று. பிறகு அதற்கு ஒரு குடும்பமே உருவானது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இரண்டு கண்களும் வாய்த்துடுக்கும் உள்ள ஒரு பாத்திரத்தைப் படைக்க நம்மிடம் கார்ட்டூனிஸ்டுகளுக்குப் பஞ்சமா? லண்டனில் 2015-இல், உலகின் சிறந்த கால்பந்து வீரர் ரொனால்டோவா மெஸ்ஸியா என்று கேட்டு, சிகரெட் துண்டுகளாலேயே வாக்களிக்கும் தொட்டியை வைத்தார்கள். நம் பேருந்து நிலையத்துத் தொட்டியில் ‘மெதுவடையா, மசால் வடையா?’ என்று எழுதினால் போதும், தேர்தல் களைகட்டும்.

எவரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டுகிறேன். பூக்கட்டி விற்கும் அம்மாவையும் தள்ளுவண்டிக் காரரையும் கேலிப்பொருளாக்கும் விளம்பரம் வேண்டாம். கவர் கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயத்தில்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். வண்டிச் சாவி, செல்போன், பர்ஸ் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்துவிட்டு, பையை மட்டும் மறந்து கிளம்பும் என்னைப் போன்றவர்களைக் கேலி செய்யுங்கள், தாங்கிக்கொள்வோம். பத்து கிராம் பொருளை மூன்று உறைக்குள் வைத்து விற்கும் பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்காதீர்கள்.

அந்த நிறுவனங்களுக்கும் நகைச்சுவை தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. பச்சை நிற அட்டையும் ஒரு சிரிப்பு வாசகமும் சேர்ந்தால் பொய்கூட இனிமையாக இறங்கிவிடும். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொதுவான உரிமைகோரல்களுக்கு விளக்கமும் ஆதாரமும் வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. துணிபோலத் தோன்றும் நெய்யாப் பைகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்தான் என்பதை மக்களுக்குச் சொல்ல, ‘வேஷம் கட்டி வந்த பிளாஸ்டிக்’ என்று ஒரு தெருக்கூத்துப் பாத்திரத்தை உருவாக்கினால் எந்தச் சுற்றறிக்கையையும்விட வேகமாகப் பரவும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அதன் வேஷத்தைக் கலைக்கட்டும்.

முடிவாக ஒரு கோரிக்கை. பள்ளிகள், கல்லூரிகள், வணிக வளாகங்களுக்கு நீங்கள் வழங்கும் மஞ்சப்பை விருதில் முதல் பரிசு 10 லட்சம் ரூபாய். அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, சிறந்த மஞ்சப்பை வாசகத்துக்கும் தெருநாடகத்துக்கும் தனிப் பரிசு அறிவியுங்கள். தேர்வுக் குழுவில் என்னைப் போன்ற விளம்பரக்காரர்கள் வேண்டாம். கோயம்பேட்டில் காய்கறி விற்பவர்களையும் வட்டாரக் கறிக்கடைக்காரர்களையும் உட்கார வையுங்கள். அவர்களுக்குச் சிரிப்பு வராத வாசகம் எதுவும் அச்சுக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
விளம்பர வாசகம் எழுதும் ஒருவன்
சென்னை