நகையை எடை போடுகிறீர்கள், நோட்டைப் புரட்ட மாட்டீர்களா?

வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில், உங்களில் ஒருவர் முன்னே வந்து உட்கார்ந்தேன். அரசின் முத்ரா திட்டத்தில் 'சிசு' என்கிற மிகச் சிறிய வகைக் கடன், 50,000 ரூபாய். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'தையல்' என்று எழுதியிருந்தேன். அவர் கணினியில் என் சேமிப்புக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹவுஸ்வைஃப்னுதானே இருக்கு?" என்றார். கணக்குத் தொடங்கிய அன்று உங்கள் ஊழியர் என்னைக் கேட்காமலே போட்ட வார்த்தை அது. அடுத்த கேள்வி, "சார் என்ன பண்றாரு?" அவருடைய சம்பளச் சீட்டைக் கொண்டு வரச் சொன்னார். கடன் கேட்டது நான்.

கையோடு கொண்டு போன நோட்டை மேசையில் வைத்தேன். 200 பக்க நீள நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. நாள், பெயர், வேலை, கூலி, பாக்கி. 'மாடி வீட்டு டீச்சர், லைனிங் ஜாக்கெட் 2, பைப்பிங் உண்டு.' 'மளிகைக் கடை அக்கா, ஃபால்ஸ் 4, பாதி பாக்கி.' ஆடியிலும் மார்கழியிலும் பக்கம் காலியாகக் கிடக்கும், கல்யாணம் இல்லையே. ஆவணி பிறந்தால் ஒரே நாளுக்கு இரண்டு பக்கம். செலவு போக மாதம் ஏழாயிரம் நிற்கும். மகளின் பள்ளி வேன், கேஸ், கரண்ட் பில் மூன்றும் இதில்தான் ஓடுகின்றன.

நோட்டை அவர் திறக்கவேயில்லை. "நகை இருந்தா வைங்கம்மா, அரை மணி நேரத்துல பணம் வந்துடும்" என்றார். நல்ல மனுஷர்தான், கோபமாகப் பேசவில்லை. வைத்தேன். மதிப்பீட்டாளர் என் சங்கிலியை உரைகல்லில் தேய்த்தார், எடை போட்டார், எழுதினார். அம்மா கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலிக்கு உங்களிடம் மதிப்பு இருந்தது. ஐந்து வருஷம் நான் மிதித்த மெஷினுக்கு இல்லை.

பிணை கேட்காமல் சிறு தொழிலுக்குக் கடன் தரத்தான் 2015 ஏப்ரலில் முத்ரா வந்தது. வாராக்கடன் பயம் உங்களுக்கு இருக்கும், புரிகிறது. ஆனால் ஏழைப் பெண்களின் நோட்டை நம்புவது உங்களுக்குப் புதிதா? எங்கள் அம்மா தர்மபுரிப் பக்கம். 1989இல் தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முளைத்த மாவட்டம். 1992இல் ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு அந்த மாதிரிக் குழுக்களை வங்கியோடு இணைக்கத் தொடங்கியது. அம்மா பிறகு ஒரு குழுவில் அதை வழிநடத்தும் ஊக்குநராக இருந்தாள். அவள் மண்ணெண்ணெய் விளக்கில் எழுதிய தீர்மான நோட்டைப் பார்த்துத்தான் உங்கள் வங்கி அந்தக் குழுவுக்குக் கடன் கொடுத்தது. இருபது பெண்கள் சேர்ந்து எழுதினால் செல்லுகிற நோட்டு, ஒருத்தி எழுதினால் ஏன் செல்லாது?

என் பக்கமும் ஒரு தப்பு உண்டு. ரொம்ப நாள் ஜிபே பணமெல்லாம் வீட்டுக்காரர் நம்பருக்குத்தான் போனது. சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையே அவர் பெயரில். நான் சம்பாதித்ததற்குச் சாட்சி அவருடைய பாஸ்புக். எங்கள் தெருவிலேயே மாவு விற்கும் அக்கா, டியூஷன் எடுக்கும் பெண், எல்லாருக்கும் இதே கதை. இப்போது அட்டையை மாற்றிவிட்டேன். சிறு தொழில்களுக்கென்று ஜூலை 2020 முதல் இருக்கிற உத்யம் பதிவையும் போட்டுவிட்டேன், கட்டணம் கிடையாது.

வீட்டில் இருப்பவள் சும்மா இருக்கிறாள் என்ற நினைப்பு உங்களுக்கு மட்டும் இல்லை. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: சம்பளமில்லா வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88. அது முடிந்த பிறகு, பகல் 11 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும்தான் நான் மெஷினில் உட்காருகிறேன். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றமே 2023 ஜூனில் சொல்லிவிட்டது. நீங்கள் இன்னும் சார் என்ன பண்றாரு என்று கேட்கிறீர்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. என் பெயரில் ஆறு மாத யுபிஐ வரவையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஒத்துப் பாருங்கள். அதன் பிறகும் முடியாது என்றால், காரணத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்லவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி போட்ட விதி. வாய் வார்த்தையாக "அடுத்த மாசம் பாக்கலாம்மா" வேண்டாம்.

ஓவர்லாக் வந்த பிறகு ஓரம் அடிக்க வெளியே கொடுக்கும் கூலி மிச்சமானது. பதினோரு மாதத்தில் சங்கிலியை மீட்டுவிட்டேன். இப்போது பவர் மெஷின் ஒன்று வேண்டும். வருகிற திங்கட்கிழமை காலை, மகளை வேன் ஏற்றிவிட்டு வருவேன். சங்கிலி கழுத்தில் இருக்கும், கழற்றுவதாக இல்லை. கையில் மூன்றாவது நோட்டு.

இப்படிக்கு,
உங்கள் கணினியில் இன்னும் 'ஹவுஸ்வைஃப்' என்றே இருக்கும் ஒரு தையல்காரி