பூசையில்லாத சாமியைப் பார்க்க வாருங்கள், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகலாம் என்று கூப்பிட்டதற்கு, "பூசையில்லாத சாமியைப் போய்ப் பார்ப்பானேன்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நேரில் உங்களிடம் எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அங்குள்ள செப்புத் திருமேனிகள் காட்சிக்கு வைப்பதற்காக வார்த்தவை அல்ல. தோளில் சுமந்து வீதியுலா கொண்டுபோகச் செய்தவை. ஆனால் உலாவரும் சாமியிடம் நாம் எதைக் கண்டோம்? பட்டு, மாலை, சந்தனம், நடுவே ஒரு முகம். ஸ்தபதி பாடுபட்டு வடித்த தோளும் இடையும் அலங்காரத்துக்குள் மறைந்துபோகின்றன. அவற்றைப் பார்க்க அரண்மனைக்குத்தான் வர வேண்டும்.

காளையை வாகனமாகக் கொண்ட சிவனான திருவெண்காட்டு ரிஷபவாகன தேவருக்காகவே வரலாம். 1950களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டவர். ராஜராஜ சோழன் காலத்தில், 1011இல், கோலக்காவன் என்பவர் எழுந்தருளச் செய்தார் என்று அவ்வூர்க் கோயில் கல்வெட்டால் தெரிகிறது. அடுத்த ஆண்டே அம்மனும் வந்துவிட்டாள். ஒரு காலை ஊன்றி மறுகாலைக் குறுக்கே போட்டு, காளைமேல் கையை வைத்துச் சாய்ந்து நிற்கிறார். வயல் வரப்பில் மாட்டின்மேல் கைபோட்டு நிற்கும் வாலிபனின் அலட்சியம் அது. காளைதான் இல்லை. ஆனாலும் அந்தக் கையின் மடக்கைப் பார்த்தே காளை எவ்வளவு உயரம் என்று சொல்லிவிடலாம். சடையையே தலைப்பாகையாகச் சுற்றிக் கட்டியிருக்கிறார். உற்றுப் பார்த்தால் மடிப்புகளுக்கு நடுவே பாம்பு நெளிகிறது. இதன்மேல் பரிவட்டம் கட்டியிருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வருவார். ஓர் அச்சுக்கு ஓர் உருவம்தான். கும்பகோணத்திலேயே இருக்கிறீர்கள், பக்கத்துச் சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

அரண்மனை நாயக்கர்கள் கட்டியது, பின்னால் மராட்டியர்கள் பெருக்கியது. தரங்கம்பாடிப் பக்கம் கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடுகூட அங்கே இருக்கிறது. அது எனக்கு அவ்வளவு ரசிக்கவில்லை. இரண்டாம் சரபோஜியின் பளிங்குச் சிலையை மட்டும் தவறவிடக் கூடாது. ஜான் பிளாக்ஸ்மேன் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்தது. சரபோஜி இரு கைகளையும் கூப்பி நிற்கிறார். ராஜாவே கும்பிட்டபடி நிற்கும் இடத்தில் உங்களுக்கு என்ன தயக்கம்?

அரண்மனைக் கோபுரத்தில் ஏற வேண்டாம், உங்கள் மூட்டு வலிக்கு அது ஆகாது. வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கோயில் உண்டு. சனிக்கிழமை காலைக்கு வண்டி சொல்லிவிடட்டுமா?