ஏரிப் பாசன விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்கத்து அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஏரி வரத்துக்காலைத் தூர் வாரக் கேட்டுக் கொடுத்த மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. மீதி நேரத்தை, பொதுவில் வாங்கிய டிராக்டர் வாரிக்கே எடுத்துக்கொள்கிறேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, கழனியில் கிடக்கும் கல்லையும் களையையும் வளைந்த இரும்புப் பற்களால் வாரும் கருவி அது. 'சீப்பு' என்று ஊரில் பெயராகிவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

வாங்கிய காரணம் உங்களுக்குத் தெரியும். 2021 நவம்பர் வெள்ளத்தில் கவுண்டன்யா ஆறும் பாலாறும் புரண்டபோது ஆற்றோரக் கழனிகளில் ஏறிய கூழாங்கல் இன்னும் தீரவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை அருகம்புல். வருஷக்கணக்காக எதற்கெடுத்தாலும், சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டர்தான் விட்டோம். அது அருகங்கொடியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கழனி முழுக்கப் பரப்பியது. கணு இருக்கும் துண்டெல்லாம் துளிர்த்தது. மணிக்கணக்கு வாடகை கொடுத்து நாமே அருகு நட்டோம்.

இந்தக் கோடையில் முறையை மாற்றினோம். முதலில் கொத்துக் கலப்பையான கல்டிவேட்டர் விட்டுக் கொடியை அறுக்காமல் மேலே கிளப்பினோம். சித்திரை வெயிலில் நாலைந்து நாள் காயவிட்டுப் பிறகு சீப்பை இறக்கினோம். நேராக வைத்தால் வாரியதையெல்லாம் இழுத்துக்கொண்டே வரும். கோணலாகச் சாய்த்து, நகராதபடி பூட்டும் இரும்புப் பின்னைச் செருகிவிட்டால் ஒரு பக்கமாக வரிசை கட்டிவிடும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவதால் கோரைக்கு இது மருந்தல்ல. மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில் சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் மாதமே நாலு பல் போயிற்று. பாதிக் குற்றம் நம்முடையது. சீப்பைக் கலப்பை என்று நினைத்து ஹைட்ராலிக்கை முழுக்க இறக்கி, வேலிக்காத்தான் வேரில் கொண்டுபோய் மாட்டினோம். மீதி, பல் மாற்றிக் கொடுத்த பட்டறையுடையது. ஸ்பிரிங் எஃகு பல் கல்லில் இடித்தால் பின்வாங்கித் திரும்ப நிமிரும். அவர்கள் போட்டது வெறும் இரும்புப் பட்டை. வளைந்தது வளைந்தபடியே நின்றது. பணம் திரும்பவில்லை, இனி அங்கே போவதுமில்லை.

ஆகவே ஓட்டுகிறவர்களுக்கு: பல் நுனி மண்ணை உரசினால் போதும், பல் அதற்கு மேல் இறங்காமல் தாங்கத்தான் சீப்புக்குப் பின்னால் சக்கரம். சீப்பை டிராக்டரோடு மேலே இணைக்கும் திருகுத் தண்டான டாப் லிங்கை ஒரு சுற்று திருகினாலே பல் பிடிக்கும் கோணம் மாறும். இறங்கிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். வரப்போரம் திரும்பும்போது தூக்கிவிட்டுத் திரும்புங்கள். ஈரக் களிமண்ணில் இறக்கவே வேண்டாம். வைக்கோல் வாரவும் கேட்கிறார்கள். இந்த விறைத்த பல் மண்ணையும் சேர்த்து வாரும், மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வைக்கோலைக் கட்டாகக் கட்டும் பேலர் இயந்திரம் வருவதற்கு முன் வைக்கோலைத் திருப்ப சக்கர வாரி வேறு இருக்கிறது. அதை வாடகைக்குப் பிடிக்கலாம்.

"கல்லு பொறுக்கற கூலியும் போச்சா தம்பி?" என்று ஓர் அக்கா கூட்டத்திலேயே கேட்டார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. நடந்தது என்னவென்றால், சீப்பு கல்லை வரிசையாக்குமே தவிர வண்டியில் ஏற்றாது. ஏற்ற அவர்களைத்தான் கூப்பிட்டோம். குனிந்து தேடும் வேலை குறைந்தது. கூலி நாளும் குறைந்தது, அதையும் மறைக்கவில்லை.

சீப்பை யார் எப்போது எடுப்பது என்ற முறைப் பட்டியல் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கடைசியாக எடுத்துப் போனவர் சீப்பைக் கொண்டுவந்து விட்டார், அதன் இரண்டு பின்னுகளை விடவில்லை. பெயர் சொல்லவில்லை. இன்று இருட்டுவதற்குள் என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டால் போதும்.

செயலாளர்